ஷெல் டோன் ஜெனரேட்டர்: 440 கேட்டால் 293 ஒலிக்கிறது, சாவி தட்டினால் ஒன்பது விநாடி கழித்து மாறுகிறது

ஒற்றைவிரல் கேட்டது:

ஸ்பீக்கர் பெட்டி எந்த அதிர்வெண்ணில் கடகடக்கிறது என்று பிடிக்க ஒரு டோன் ஜெனரேட்டர் வேண்டும். ப்ளஸ் தட்டினால் ஏற வேண்டும், மைனஸ் தட்டினால் இறங்க வேண்டும், நடுவில் ஒலி அறுபடக் கூடாது. தனியாக எதையும் நிறுவாமல் ஷெல்லிலேயே முடிக்கப் பார்க்கிறேன்.

ஸ்கிரிப்ட் செய்வது இவ்வளவுதான். பேஷ் ஷெல்லில் முடிவில்லாத ஒரு லூப். ஒவ்வொரு சுற்றிலும் ரீட் கட்டளை, மிகச் சிறிய டைம்அவுட்டுடன், சாவி ஏதும் விழுந்ததா என்று பார்க்கும். விழுந்திருந்தால் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் கூடும் அல்லது குறையும். பிறகு ஆக் என்ற சிறு நிரல்மொழியைக் கூப்பிட்டு 800 சாம்பிள், அதாவது 0.1 விநாடி ஒலி, எழுதச் சொல்லும். ஒவ்வொரு சாம்பிளும் 128 கூட்டல் 127 பெருக்கல் சைன். பிரிண்ட்எஃப்பில் சதவீதக் குறி, சி: எண்ணுக்குரிய எழுத்தை எழுதும். லூப் முழுவதும் பைப் வழியே, ஒலியை இசைக்கும் ஏபிளே கட்டளைக்குப் போகிறது. ஏபிளேக்கு எந்த ஆப்ஷனும் தரவில்லை.

மூன்று கோளாறு:

ஒன்று, ஃபெடோராவில் 440 கொடுத்தால் போன் டியூனர் 293 காட்டுகிறது. 880 கொடுத்தால் 587. ஒலியும் சுத்தமாக இல்லை, இரைகிறது. அதே கோப்பு உபுண்டுவில் அச்சாக 440 தருகிறது.

இரண்டு, உபுண்டுவில் 10 ஹெர்ட்ஸ் படியில் ஒலி வழுவழுப்பாக இருக்கிறது. படியை 1 ஹெர்ட்ஸ் ஆக்கினால் விநாடிக்குப் பத்துத் தடவை டக் டக் என்று அடிக்கிறது. 442, 443-இல் மோசம். 445-இல் கொஞ்சம் தணிவு. 450 வந்தால் சத்தமே இல்லை. இதுதான் பிடிபடவில்லை.

மூன்று, சாவி தட்டி எட்டரை, ஒன்பது விநாடி கழித்துத்தான் ஒலி மாறுகிறது.

தயாராகக் கோட் ஒட்ட வேண்டாம். காரணத்தைச் சொன்னால் போதும், எழுதுவது என் பாடு.

---

பைட்பாண்டி:

முதல் கோளாறுக்கு மட்டும் பதில். 440-ஐ 293-ஆல் வகுங்கள்: 1.5. 880-ஐ 587-ஆல் வகுங்கள்: அதுவும் 1.5. பிழை இவ்வளவு ஒழுங்காக வந்தால் சவுண்ட் கார்டைச் சந்தேகிக்கவே வேண்டாம். ஒரு சாம்பிளுக்கு ஒரு பைட் போக வேண்டிய இடத்தில் ஒன்றரை பைட் போகிறது.

ஃபெடோராவில் ஆக் என்றால் ஜிஆக். உபுண்டுவில் இயல்பாக இருப்பது எம்ஆக். எம்ஆக்குக்குப் பைட்டைத் தவிர வேறு உலகம் கிடையாது. 200 எழுது என்றால் 200 எழுதும். ஜிஆக் லோகேலை, அதாவது கணினியின் மொழி, எழுத்துமுறை அமைப்பைப் பார்க்கும். அது யுடிஎஃப்-8 என்றால், 200 என்பதை யூனிகோடின் 200-ஆம் எழுத்து என்று எடுத்துக்கொண்டு அதன் யுடிஎஃப்-8 வடிவத்தை எழுதும். 128 முதல் 255 வரை எல்லாமே இரண்டு பைட். உங்கள் சைன் அலையின் மேல்பாதி முழுக்க அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பாதி சாம்பிள் இரண்டு பைட்டானால் மொத்த நீளம் ஒன்றரை மடங்கு, அதிர்வெண் மூன்றில் இரண்டு பங்கு. நடுநடுவே நுழைந்த வேண்டாத பைட்டுகள்தான் அந்த இரைச்சல்.

காதை நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். ஒரு விநாடி ஒலியை ஏபிளேக்கு அனுப்பாமல் டபிள்யூசி கட்டளைக்கு, பைட் எண்ணும் ஆப்ஷனுடன் அனுப்புங்கள். 8,000 வந்தால் சரி. ஃபெடோராவில் 12,000-ஐ ஒட்டி வரும். பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஓடி என்ற கட்டளையில் பத்தடிமானத்தில் பார்த்தால் 194, 195 என்ற இரண்டு எண்களும் வரிக்கு வரி தலைகாட்டும்.

தீர்வு: ஆக் என்ற சொல்லுக்கு முன்னால், அதே வரியில், எல்சி அடிக்கோடு ஆல் என்ற மாறிக்கு சி என்று மதிப்புக் கொடுங்கள். லாங் மாறியை மட்டும் மாற்றினால் போதாது. எல்சி ஆல் ஏற்கெனவே வைத்திருந்தால் அதுதான் ஜெயிக்கும். பைப்பின் இன்னொரு முனையில் ஏபிளேக்கு முன்னால் எழுதினாலும் பயனில்லை, அது ஏபிளேக்கு மட்டும்தான் போகும். ஜிஆக் மட்டும் என்று உறுதியானால் சின்ன பி ஆப்ஷன் போதும்.

128-ஆல் பெருக்காமல் 127-ஆல் பெருக்கியது நல்ல காரியம். 128 என்றால் உச்சியில் 256 வரும், ஒரு பைட்டில் அது 0. அலையின் உச்சியில் நேராகப் பாதாளத்துக்கு ஒரு ஊசி. அதைத் தேடுவது இதைவிடத் தலைவலி.

---

சுருதிப்பெட்டி:

பாண்டி சொன்ன 1.5-ஐக் காதாலேயே பிடித்திருக்கலாம். 3:2 என்பது பஞ்சமம். 293.33-ஐ ஸட்ஜமாக வைத்தால் 440 அச்சாகப் பஞ்சமம். எந்த எண் கொடுத்தாலும் ஒரு பஞ்சமம் கீழே விழுகிறது என்றால் கணக்கில்தான் கோளாறு.

உங்கள் டக் டக்குக்கு வருவோம். 0.1 விநாடிக்குள் 440 ஹெர்ட்ஸ் 44 முழுச் சுற்று. 450 என்றால் 45. அதனால் துண்டு முடியும் இடத்தில் அலை பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கும், அடுத்த ஆக் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஒட்டு தெரியாது. 10-இன் மடங்குகள் எல்லாமே அப்படித்தான். இதுவரை உங்களைக் காப்பாற்றியது அந்தத் தற்செயல்.

442 என்றால் 44.2 சுற்று. துண்டு முடியும்போது அலை 72 பாகையில், சைன் மதிப்பு 0.95-இல் நிற்கிறது. அடுத்த சாம்பிள் பூஜ்யம். ஏறத்தாழ உச்சியிலிருந்து செங்குத்தாக விழுகிறது, அதுதான் டக். 443-இல் 108 பாகை, அதே 0.95. 441-இலும் 444-இலும் 0.59. 445-இல் 44.5 சுற்று, மதிப்பு பூஜ்யம்தான், ஆனால் கீழே இறங்கிக்கொண்டிருந்த அலை திடீரென்று மேலே திரும்புகிறது. தாவல் இல்லை, முறிவு மட்டும். அதனால்தான் அங்கே தணிவு.

சின்னத் துண்டாக்கினாலோ பெரிய துண்டாக்கினாலோ இது தீராது. ஒவ்வொரு சுற்றிலும் ஆக்கைப் புதிதாக எழுப்புவதை விட்டுவிடுங்கள். ஒரே ஆக் கடைசி வரை ஓடட்டும். நேரத்தை அதிர்வெண்ணால் பெருக்குவதையும் விடுங்கள். ஃபேஸ் (சுற்றில் அலை நிற்கும் இடம்) என்று ஒரு மாறி வைத்து, ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதனோடு 2 பை பெருக்கல் அதிர்வெண் வகுத்தல் சாம்பிள் ரேட் என்பதைக் கூட்டுங்கள். 2 பை தாண்டினால் 2 பை கழியுங்கள். அதிர்வெண் எந்த நொடியில் மாறினாலும் ஃபேஸ் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஸ்வீப், அதாவது அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் ஒலி, எழுதும்போதும் இந்தக் குழியில் விழுவார்கள். 200-இலிருந்து 1,000-க்கு 5 விநாடியில் நேர்கோட்டில் ஏற வேண்டும் என்று, மாறிக்கொண்டிருக்கும் அதிர்வெண்ணை நேரத்தோடு பெருக்கி சைனுக்குள் போட்டால், முடிவில் கேட்பது 1,000 அல்ல, 1,800. காது கேட்பது ஃபேஸ் மாறும் வேகத்தை. அந்தப் பெருக்கலின் மாறும் வேகம், அப்போதைய அதிர்வெண்ணோடு நேரம் பெருக்கல் ஏறும் வேகத்தையும் சேர்த்தது. ஏறும் வேகம் விநாடிக்கு 160. 5 விநாடியில் 800 கூடுதல். ஒவ்வொரு சாம்பிளுக்கும் கூட்டிக்கொண்டே போனால் இந்தப் பிரச்சினையே எழாது.

இன்னொன்று, 10 ஹெர்ட்ஸ் என்ற நிலையான படி வேண்டாம். 30-இலிருந்து 40 என்பது ஐந்து ஸ்வரஸ்தானத் தாவல். 1,000-இலிருந்து 1,010 என்பது ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். கடகடப்பு தேட 1.01-ஆல் பெருக்குங்கள், இறங்க 1.01-ஆல் வகுங்கள். 20-இலிருந்து 20,000 வரை ஏறத்தாழ 700 தட்டு. பெரிய படிக்கு வேறொரு சாவியில் 1.0595 வைத்தால் அரைக் கட்டை அரைக் கட்டையாகத் தாவும். பேஷுக்கு முழு எண் கணக்கு மட்டும்தான் தெரியும், இந்தப் பெருக்கலையும் ஆக்கிடமே விடுங்கள்.

---

குழாயடி:

மூன்றாவது. எட்டரை, ஒன்பது என்று நீங்கள் சொன்னதுமே கணக்கு முடிந்தது.

லினக்ஸில் ஒரு பைப் இயல்பாக 65,536 பைட் கொள்ளும். ஏபிளேக்கு ஆப்ஷன் தராவிட்டால் அது எடுத்துக்கொள்வது அன்சைன்ட் 8 பிட், 8,000 ஹெர்ட்ஸ், மோனோ. ஆரம்பிக்கும்போது திரையிலேயே சொல்லும். விநாடிக்கு 8,000 பைட். 65,536-ஐ 8,000-ஆல் வகுத்தால் 8.19 விநாடி. உங்கள் லூப் ஒலியைவிட வேகமாக ஓடிப் பைப்பை நிரப்பிவிட்டு வாசலில் நிற்கிறது. நீங்கள் சாவி தட்டும்போது பழைய அதிர்வெண்ணில் எட்டு விநாடிச் சரக்கு ஏற்கெனவே குழாய்க்குள் இருக்கிறது. அதோடு ஏபிளேயின் சொந்த பஃபர், நீங்கள் குறிப்பிடாவிட்டால் அரை விநாடி வரை.

லூப்பில் ஸ்லீப் போட்டு வேகத்தைக் குறைக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஸ்லீப் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் தூங்கும், புதுப் பிராசஸ் எழுப்பும் நேரமும் சேரும், சில நிமிடங்களில் ஏபிளே அண்டர்ரன், அதாவது ஒலிக்கச் சரக்கு தீர்ந்துவிட்டது, என்று கத்தும். பைப் நிரம்பும்போது எழுதுபவர் தானாக நிற்கிறாரே, அதுதான் மிகத் துல்லியமான கடிகாரம். சவுண்ட் கார்டின் கடிகாரமே அது. குழாயைச் சின்னதாக்கினால் போதும்.

சோம்பேறி வழி: அதே குழாயில் விநாடிக்கு அதிக பைட் ஓடவிடுங்கள். 16 பிட், 48,000, ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 1,92,000 பைட். 65,536 என்பது 0.34 விநாடி. 32 பிட் ஆக்கினால் 0.17. வீணடிப்புதான், ஆனால் ஒரு ஆப்ஷன் மாற்றத்தில் முடிகிறது.

சரியான வழி: பைப்பின் அளவையே குறைப்பது. ஷெல்லில் அதற்குக் கட்டளை இல்லை, பெர்லில் ஒரு வரி. எஃப்சிஎன்டிஎல் அழைப்பு, ஸ்டாண்டர்ட் அவுட்புட்டின் மேல், கட்டளை எண் 1031, மதிப்பு 4096. கர்னல் 2.6.35 முதல் உண்டு, லினக்ஸில் மட்டும். 4096-க்குக் கீழே இறங்காது. அளவு பைப்பைச் சேர்ந்தது, பிராசஸைச் சேர்ந்ததல்ல. அதனால் பெர்ல் அளவைக் குறைத்துவிட்டு அதே இடத்தில் எக்ஸெக் செய்து ஆக்காக மாறிவிடலாம். 16 பிட், 48,000, மோனோவில் 4,096 பைட் என்பது 43 மில்லிவிநாடி. ஏபிளேக்கு பஃபர் டைம் 50000 கொடுங்கள். அந்த எண் மைக்ரோவிநாடி, மில்லி என்று நினைத்து 50 போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து 0.1 விநாடிக்குள். நடுவில் பைப்வயர் என்ற ஒலி சர்வர் இருந்தால் அதன் பங்கு தனி.

ஆக் தன் பங்குக்கு ஒரு பஃபர் வைத்திருக்கும். ஒவ்வொரு 480 சாம்பிளுக்கும், அதாவது 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அந்த பஃபரை உடனே வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் கூப்பிடுங்கள்.

---

ஒற்றைவிரல்:

எல்சி ஆல் போட்டதும் டபிள்யூசி சுத்தமாக 8,000 சொல்கிறது. ஃபேஸ் முறைக்கு மாற்றி, 16 பிட்டுக்கும் போய்விட்டேன். டக் டக் போயே போச்சு.

இப்போது ஒரே ஆக் ஓடுகிறது. பேஷ் சாவியைப் படித்து, எட்டவேண்டிய அதிர்வெண்ணை நினைவகத்திலேயே இருக்கும் டெவ்-எஸ்எச்எம்முக்குள் ஒரு கோப்பில் எழுதுகிறது. ஆக் ஒவ்வொரு துண்டுக்கும் கெட்லைன் மூலம் அதைப் படிக்கிறது. முதல் தடவை படித்ததோடு சரி. பிறகு கோப்பில் எண் மாறினாலும் ஆக் கண்டுகொள்வதில்லை. இன்னொன்று, நிறுத்தும்போது ஸ்பீக்கரில் டப் என்று ஒரு அடி விழுகிறது.

---

குழாயடி:

கெட்லைன் கோப்பின் முடிவுக்குப் போனால் அங்கேயே உட்கார்ந்துவிடும். படித்ததும் அதே பெயருக்கு குளோஸ் கூப்பிடுங்கள், அடுத்த தடவை முதலிலிருந்து திறக்கும். கெட்லைன் 0 திருப்பினால் பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். பேஷ் எக்கோ எழுதும்போது கோப்பு முதலில் காலியாகும், பிறகுதான் எண் விழும். அந்த இடைவெளியில் ஆக் படித்தால் காலி வரி. அதை 0 ஹெர்ட்ஸ் என்று எடுத்தால் ஒலி விக்கும். வேறு பெயரில் எழுதிவிட்டு எம்வி கட்டளையால் பெயர் மாற்றினால் அந்த இடைவெளியே இராது.

புது அதிர்வெண்ணை உடனே போட்டுவிடாமல், ஒவ்வொரு சாம்பிளுக்கும் வித்தியாசத்தில் 0.002 பங்கை மட்டும் கூட்டுங்கள். 48,000-இல் இது ஏறத்தாழ 50 மில்லிவிநாடியில் வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். சாவியை அழுத்திப் பிடித்தால் படிக்கட்டு போல் கேட்காது.

டப் என்ற அடிக்குக் காரணம் கண்ட்ரோல்-சி. அலை நடுவானில் இருக்கும்போது ஏபிளே செத்துப்போகிறது. நிறுத்தும் சாவிக்கு, கோப்பில் 0 எழுதுங்கள். ஆக் 0-ஐக் கண்டதும் வீச்சை 480 சாம்பிளில் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கி எக்ஸிட் ஆகட்டும். பைப் மூடியதும் ஏபிளே மிச்சத்தை ஒலித்துவிட்டுத் தானாகப் போய்விடும். தொடங்கும்போதும் அதே 480 சாம்பிள் ஏற்றம் கொடுங்கள்.

---

பைட்பாண்டி:

16 பிட்டுக்குப் போனது சரி. 8 பிட்டின் இரைச்சல் தளம் சைனுக்கு ஏறத்தாழ 50 டெசிபல் கீழே. 16 பிட்டில் 98. குறைந்த ஒலியில் கடகடப்பு தேடும்போது அந்த 50 உறுத்தும். 8,000 ரேட்டில் இன்னொரு பொறியும் உண்டு: 4,000-க்கு மேல் கேட்டால் மடிந்து கீழே வரும். 5,000 கேட்டால் 3,000 ஒலிக்கும்.

எதிர்மறை எண்ணுக்கு 65,536 கூட்டிவிட்டு, முதலில் 256-ஆல் வகுத்த மீதி, பிறகு ஈவு என்று இரண்டு பைட்டும் அந்த வரிசையில்தான் எழுதுகிறீர்களா? வரிசை மாறினால் சைன் முழுக்க இரைச்சலாகிவிடும். சதவீத-சி கொடுப்பதற்கு முன் முழு எண்ணாக்கவும் மறக்க வேண்டாம். பேஷ் மாறியில் இந்த பைட்டுகளைப் பிடித்துவைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பூஜ்ய பைட் எல்லாவற்றையும் பேஷ் விழுங்கிவிடும்.

பழைய ராஸ்பெர்ரி பையில் விநாடிக்கு 48,000 சைனும் பிரிண்ட்எஃப்பும் திணறலாம். தொடக்கத்திலேயே ஒரு சுற்றை 4,096 துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தயாரான இரண்டு பைட் சரத்தை அரேயில் வைத்துவிடுங்கள். பிறகு சாம்பிளுக்கு ஒரு கூட்டலும் ஒரு எடுப்பும்தான். 440-க்கு ஒவ்வொரு சாம்பிளுக்கும் 37.55 இடம் நகரும். பின்னத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், இல்லையென்றால் சுருதி இறங்கும்.

---

சாய்கோடு:

நிறுவ மாட்டேன் என்றீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். சாவி தட்டி மாற்றுவதற்கு உங்கள் வழிதான் சரி. சாக்ஸ் என்ற ஒலி நிரலில் அதிர்வெண் தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். ஆனால் மெதுவான ஸ்வீப் மட்டும் போதுமென்றால் சாக்ஸின் சின்த் ஒரே வரி. நீளம் 30, அலை சைன், 20 சாய்கோடு 200, கடைசியில் கெயின் மைனஸ் 12. ஒரு ஸ்தாயிக்கு ஒன்பது விநாடி, கடகடக்கும் இடத்தைக் காது தப்பவிடாது.

இரண்டு எண்ணுக்கும் நடுவில் போடும் குறிதான் முக்கியம். முக்காற்புள்ளி என்றால் விநாடிக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று நேர்கோட்டில் ஏறும். சாய்கோடு என்றால் விநாடிக்கு இத்தனை ஸ்வரஸ்தானம். சிறுகோடும் அதே ஏற்றம்தான், ஆனால் படிப்படியாக, வழுவழுப்பு குறைவு. பலர் சிறுகோட்டைப் போட்டுவிட்டு ஏன் கரடுமுரடாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

கெயினை விட்டுவிடாதீர்கள். சின்த் முழு வீச்சில் தரும். பெட்டியில் காற்றுத்துளை இருந்தால், அது டியூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே ஸ்பீக்கரின் கோனைத் தாங்க உள்ளே காற்றின் எதிர்ப்பு இராது. காதுக்கு ஒன்றும் கேட்காது, கோன் மட்டும் எகிறும். 30 ஹெர்ட்ஸில் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று வால்யூமைத் திருகினால் கடகடப்பது அப்போது பெட்டியாக இருக்காது.

---

பழையபெட்டி:

சவுண்ட் கார்டே இல்லாத சர்வரில் டோன் வேண்டுமென்று தேடி இங்கே வருபவர்களுக்கு ஒரு வரி. மதர்போர்டின் பீப்பர் 1,193,182 ஹெர்ட்ஸ் கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்துத்தான் ஒலிக்கும். 440 கேட்டால் 2,711-ஆல் வகுத்து 440.13 தரும், யாருக்கும் தெரியாது. 15,000 கேட்டால் 79-ஆல் வகுத்து 15,104. சதுர அலை மட்டும், வால்யூம் கிடையாது. வரைகலை இல்லாத கன்சோலில் எஸ்கேப், சதுர அடைப்பு, 10, அரைப்புள்ளி, ஹெர்ட்ஸ் எண், மூடும் சதுர அடைப்பு என்று பிரிண்ட்எஃப் செய்தால் பெல்லின் சுருதி மாறும். 10-க்குப் பதில் 11 என்றால் நீளம், மில்லிவிநாடியில். எதுவும் மாற்றாவிட்டால் 750 ஹெர்ட்ஸ். உபுண்டுவில் பீப்பரை இயக்கும் பிசிஎஸ்பிகேஆர் மாட்யூல் தடுப்புப் பட்டியலில் இருக்கும், கையால் ஏற்ற வேண்டும்.

---

ஒற்றைவிரல்:

குளோஸ் போட்டதும் ஓடிவிட்டது. தாமதம் இப்போது காதுக்குத் தெரியவில்லை, டப் இல்லை. 1.01 படியில் 87-இலிருந்து 91 ஹெர்ட்ஸ் வரைக்கும் கடகடக்கிறது. கையை வைத்து அழுத்தினால் நின்றுவிடுகிறது. பின்பலகையில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.